சோத்துக்கைக்கு நீல மூடி

கடையில் எல்லோரும் அவரை நொட்டாங்கை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்; அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. ஆண்களுக்குக் கோட்டும் சட்டையும் தைக்கிற கடை அது. அங்கே அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் அவர் வேலை. வெட்டுவது இடது கையால். அதனால் அவருடைய கத்தரியே தனி. அலகைத் திருப்பி வைத்துச் செய்தது. வேறு யாராவது அவசரத்துக்கு எடுத்தால் அது துணியை வெட்டாது, மென்று துப்பும். மற்றவர்களுடைய கத்தரி அவ்வப்போது காணாமல் போகும். அவருடையது மட்டும் வைத்த இடத்தில் இருக்கும். நொட்டாங்கையாகப் பிறந்ததில் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்பார்.

எழுதுவது, பல் துலக்குவது, சாப்பிடுவது எல்லாமே அவருக்கு இடது கைதான். சின்ன வயதில் அவருடைய அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கையில் ஒரு போடும் போட்டுப் பார்த்தாள். பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனதுதான் மிச்சம். கடைசியில் அப்பா பஞ்சாயத்தை முடித்து வைத்தார்: எந்தக் கையால் சோறு உள்ளே போகிறதோ அதுதான் அவனுக்குச் சோத்துக்கை, ஆளை விடு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருடைய சோத்துக்கை என்றால் இடது கை. கல்யாணமாகி வந்த மனைவியும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாள். இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வந்த வம்பு முழுவதும் இந்த ஒரே சொல்லால் வந்ததுதான்.

நாற்பதைத் தாண்டியபோது அவருடைய முழங்கையில் பட்டன் அளவுக்கு ஓர் இடம் சிவந்தது. சிவந்த இடம் தடித்தது, தடித்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில் கிளம்பியது. பிறகு மற்ற முழங்கை. பிறகு இரண்டு முன்னங்கைகளும், மணிக்கட்டு வரை. சொரியாசிஸ் என்று முதல் டாக்டர் சொன்னார். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார். தொத்து வியாதி இல்லை, உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறி உடம்பின் மீது பாய்கிறது என்று விளக்கமும் சொன்னார். காவலுக்கு வைத்த ஆளே வீட்டை அடித்து நொறுக்குகிற கதை என்று மாஸ்டர் புரிந்துகொண்டார்.

டாக்டர்கள் இரண்டு பேர்தான். டாக்டர் அல்லாத டாக்டர்களுக்குக் கணக்கே இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு எண்ணெய் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு இலை சொன்னார், சொல்லிவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மனைவியின் தம்பி ஒரு வேரை அரைத்துக் கொண்டுவந்து, "பூசிப் பாருங்க மாமா, பத்தே நாள்" என்றான். மாஸ்டர் பூசினார். கை மஞ்சளானது, சட்டை மஞ்சளானது, செதில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது, மாமாவுக்கு நம்பிக்கை போதாது என்று.

நோய் உடம்பை வருத்தியதைவிட வேலையைத்தான் அதிகம் வருத்தியது. கோட்டு என்றால் பெரும்பாலும் கறுப்புத் துணி. துணியை மேஜையில் விரித்து, முழங்கையை ஊன்றி, குனிந்து வெட்ட வேண்டும். முழங்கை பட்ட இடமெல்லாம் வெள்ளைச் செதில் உதிரும். ஊதுவார், பிரஷ் போடுவார், ஈரத்துணியால் ஒற்றுவார். ஒருநாள் கோட்டு வாங்க வந்தவர் அதைப் போட்டுப் பார்க்கும்போது கைமடிப்பில் இரண்டு செதிலைப் பார்த்துவிட்டார். மாஸ்டரின் கையையும் பார்த்தார். கோட்டைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டுக் கை கழுவ இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. மாஸ்டரைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அன்று சாயங்காலமே கூப்பிட்டுப் பேசினார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கை சரியாகுற வரைக்கும் உள்ள காஜா வேலையப் பாருங்க. அளவு நான் எடுத்துக்கறேன். கை சரியாச்சுன்னா மேஜை உங்களுக்குத்தான்." மாஸ்டர் தலையாட்டிவிட்டு உள்ளறைக்குப் போனார். பட்டன் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வருகிறவர் தோளைத் தொட்டுப் பார்த்தே உடம்பைப் படித்துவிடுகிற மனிதருக்கு, இனி யாரையும் தொடக் கூடாது என்பது சாப்பாட்டை நிறுத்தியது போலத்தான். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் தோல் மருத்துவமனையில் புதுசாக ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மனைவி வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் யாரோ சொல்ல, அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மருந்து ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்தது. சிவப்பையும் வீக்கத்தையும் தணிக்கிற குணம் அதற்கு உண்டு. ஆனால் தோல் என்பது லேசுப்பட்ட சுவர் இல்லை. வெளியிலிருந்து எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். நோய் வந்து தடித்த தோல் இன்னும் மோசம். அரைத்துப் பூசினாலும் சரி, சாதாரணக் களிம்பில் கலந்து பூசினாலும் சரி, மருந்து மேலேயே நின்றுபோய்ச் சட்டையோடு போய்விடும். மச்சானின் வேர் ஏன் சட்டையை மட்டும் குணப்படுத்தியது என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

அதனால் இங்கே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்திருக்கிறார்கள். தோலின் இடுக்குகளில் இருப்பதும் கொழுப்புதான் என்பதால், குமிழி அதில் நைசாக நுழைந்து உள்ளே இறங்கி, அங்கே மருந்தை இறக்கி வைக்கும். தடித்த துணியில் நூல் இறங்காவிட்டால் நூலுக்கு மெழுகு தடவுவார்களே, அந்த மாதிரி என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். சோதனை இதுதான்: ஒரு கையில் குமிழி மருந்து, மறு கையில் அதே மருந்து சாதாரணக் களிம்பில். சரக்கு ஒன்று, வண்டி இரண்டு. ஒரு டியூபுக்கு நீல மூடி, மற்றதற்கு மஞ்சள் மூடி; எந்த மூடியில் எது என்று அவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் கண் தன் விருப்பத்துக்குப் பார்க்கும் என்றார். குமிழி மருந்து யாருக்குக் கேட்கிறதோ அவர்களுக்கு அடுத்த கட்டத்தில் இரண்டு கைக்கும் அதையே தருவார்கள். கடையில் எங்கேயும் கிடைக்காத சரக்கு.

டியூபைக் கொடுத்து எப்படிப் பூசுவது என்று சொல்லித்தந்தவர் ஒரு ஆண் நர்ஸ். மருத்துவமனையில் எல்லோரும் அவரைப் பிரதர் என்பார்கள், டாக்டரம்மா உட்பட. அவர் மாஸ்டரின் கையைத் தன் வெறுங்கையில் வாங்கி, தடித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வீட்டு மனிதர்களைத் தவிர வேறொருவர் அந்தக் கையைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பிரதர் அதைக் கவனிக்காதது போல ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

பிரதருக்கு ஒரு பழக்கம். எதிரே உட்கார்ந்து "வலது கை" என்று சொன்னால் பாதிப் பேர் அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் இடது கையைத் தூக்குகிறார்கள். இது எதற்கு வீண் தொல்லை என்று அவர் வலது, இடது என்ற பேச்சையே விட்டுவிட்டார். டியூபோடு கொடுக்கிற அச்சடித்த தாளில் வலது என்றுதான் இருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்காமல் படித்த நோயாளி இதுவரை பிறக்கவில்லை.

"நீல மூடி சோத்துக்கைக்கு சார். மஞ்ச மூடி இன்னொரு கைக்கு. தெனம் குளிச்சிட்டு, ஈரத்தத் தொடச்சிட்டுப் பூசணும். மாத்திடக் கூடாது" என்றார் பிரதர்.

"மாத்த மாட்டேன் பிரதர்" என்றார் மாஸ்டர்.

மாற்றவும் இல்லை. சோத்துக்கைக்கு நீல மூடி என்று சொன்னார்கள். தன்னுடைய சோத்துக்கையில், அதாவது இடது கையில், ஒருநாள் தவறாமல் நீல மூடியைப் பூசினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள். போடுகிறவருக்கு எது வலது, பார்க்கிறவருக்கு எது வலது என்பதில் தையற்காரருக்குத் தடுமாற்றமே வராது. நாள் முழுக்க அதுதான் பிழைப்பு. வலது கை என்று சொல்லியிருந்தால் வலது கையில்தான் பூசியிருப்பார். சுலபமாக இருக்கட்டும் என்று சொன்ன வார்த்தை அவர் ஒருவரிடம் வந்து மாட்டிக்கொண்டது.

சில வாரத்தில் இடது கையில் செதில் குறைந்தது. பிறகு சிவப்பு வெளுத்தது. தடிப்பு அமுங்கி, அமுங்கி, ஒருநாள் விரலால் தடவினால் எது நோய் வந்த இடம், எது வராத இடம் என்று தெரியவில்லை. வலது கை மட்டும் பழைய பல்லவியே பாடிக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்து, "ஒரு கை மாப்பிள்ளை, ஒரு கை மாமனார்" என்று சிரித்தாள். ஒவ்வொரு முறை போகும்போதும் பிரதர் போட்டோ எடுத்தார், டாக்டரம்மா தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். எந்தக் கையில் எதைப் பூசினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி.

முதலாளியும் பார்த்தார். வெட்டுகிற கை சுத்தமாகிவிட்டது, மற்றக் கையும் சீக்கிரம் சரியாகும் என்று மாஸ்டர் சொல்ல, வலது சட்டைக் கையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு மேஜையைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல நேரம், ஒரு பெரிய விடுதியிலிருந்து ஊழியர்கள் எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு தைக்கச் சொல்லி வேலை வந்திருந்தது. வெட்டு முழுவதும் மாஸ்டருடையது என்று முதலாளி வாய்விட்டே சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது மாஸ்டர் சீட்டியடித்துக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் இல்லவே இல்லை என்றார்.

சோதனையின் முதல் கட்டம் முடிந்து எது எந்தக் கைக்குப் போனது என்று பிரித்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் குமிழி மருந்து பூசிய கைதான் தேறியிருந்தது. மாஸ்டருடையது மட்டும் தலைகீழ். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம், கொஞ்சம் வருத்தமும்கூட. "உங்களுக்கு வலது கைக்குத்தான் குமிழி மருந்து. அது கேக்கல. இடது கைக்கு சாதாரணக் களிம்பு, அதுதான் கேட்டிருக்கு. சில பேர் உடம்பு அப்படி இருக்கும்" என்றார். குமிழி மருந்து கேட்காத ஆளுக்கு அடுத்த கட்டத்தில் இடமில்லை. அதற்குப் பதில் கேட்ட களிம்பையே இரண்டு கைக்கும் கொடுத்தனுப்பினார். டியூபின் மூடி இப்போது வெள்ளை. நீலமா மஞ்சளா என்று கேட்க மாஸ்டருக்கும் தோன்றவில்லை. எது கேட்டதோ அதைத் தருகிறார்கள், வேறென்ன வேண்டும்?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வெள்ளை மூடியைப் பூசப் பூச வலது கை அப்படியே இருந்தது; இடது கை மெல்லப் பழைய நிலைக்கே திரும்பியது. முதலில் முழங்கையில் லேசான சிவப்பு. பிறகு சொரசொரப்பு. ஒரு காலையில் விடுதிக் கோட்டின் முதுகுத் துணியை வெட்டி எடுத்தபோது, கறுப்பின் மேல் இரண்டு வெள்ளைச் செதில். மாஸ்டர் அவற்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவருக்குக் கையே எட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் நீளக் கை சட்டைக்குள் மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், முதலாளியிடம் செதிலை மறைக்க முடியாது. முதலாளி வெட்ட வேண்டிய மீதித் துணியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மாஸ்டர் எழுந்து காஜா வேலைக்குப் போனார்.

கண்டுபிடித்தது மனைவி, அதுவும் துணி துவைக்கும்போது. அந்த வேர் மருந்து உள்ளே இறங்காவிட்டால் துணியில் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் வலது கைப் பக்கம் மட்டும்தான் அந்தக் கறை இருக்கும். சோப்பைப் போட்டுத் தேய்த்து அவளுக்குத்தான் தோள் விட்டுப்போகும். இப்போது இரண்டு கையிலும் கறை. அவள் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் எதிரே நின்றாள்.

இடது கைக்குத்தான் சாதாரணக் களிம்பு என்று டாக்டர் சொன்னாரே, அப்படியானால் கறை ஏன் அப்போது வலது கையில் மட்டும் இருந்தது என்று கேட்டாள். எந்தக் கைக்கு எந்த மூடி என்று யார் சொன்னது என்று கேட்டாள். பிரதர் சொன்னார், சோத்துக்கைக்கு நீலம் என்று சொன்னார் என்றார் இவர், இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்க எந்தக் கையால சாப்பிடுவீங்கன்னு பிரதருக்குத் தெரியுமா?" என்றாள்.

மாஸ்டரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் முதலில் சிரித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. குமிழி மருந்து அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது, அது இறங்கியது இடது கையில். போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மனைவி அப்படித்தான் நினைத்தாள். இவர் மட்டும் இன்று, நாளை என்று இழுத்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ன யோசனை என்று பிடித்து உலுக்கியபோது, பிரதருக்கு வேலை போய்விடுமே என்றார். தன் கையைத் தொட்ட ஒரே மனிதர் என்றார். அவள் கொதித்துப் போனாள்.

"அவரு வேலை போயிடும்னு பாக்கறீங்க. ஒங்க வேலை போயிட்டுருக்கே, அது யாரு வேலை?"

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மாவிடம் போகாமல் முதலில் பிரதரைத் தேடிப் பிடித்து, வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிரதர் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் மாஸ்டர். கவலைப்பட வேண்டாம், உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வரும் வழியிலேயே அவர் ஒரு பொய்யைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

இருவரும் உள்ளே போனார்கள். மாஸ்டர் நின்றபடியே ஒப்பித்தார். நீல மூடியை இடது கையில் பூசிவிட்டதாகவும், மஞ்சளை வலது கையில் பூசியதாகவும், தப்பு முழுவதும் தன்னுடையது என்றும் சொன்னார். "பிரதர் வலதுன்னு தெளிவாத்தான் சொன்னாரு டாக்டர். நான்தான் மறந்து மாத்திட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனசோடுதான் பேசினார், ஆனால் விதியை மாற்றிப் பேசவில்லை. சொல்லிக் கொடுத்ததை நோயாளியே மாற்றிச் செய்தால் அவரைச் சோதனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அடுத்த கட்டத்துக்கும் எடுக்க முடியாது. குமிழி மருந்து சோதனையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான்; வெளியே ஒரு டியூப்கூடத் தர அவருக்கு அதிகாரம் கிடையாது. கேட்கிற மருந்து என்று தெரிந்தும் தர முடியாமல் இருப்பது தனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

மாஸ்டருக்கு இந்த விதி தெரியாது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்த மனிதர். இப்போது உண்மையைச் சொன்னால் மருந்து உண்டு. பிரதர் பக்கத்திலேயே நிற்கிறார். வாயைத் திறந்தார், வார்த்தையை மென்று விழுங்கினார். சரி டாக்டர் என்றார். வாசலைப் பார்த்துத் திரும்பியும்விட்டார்.

"அவர் மறக்கல டாக்டர்" என்றார் பிரதர். "நான் வலதுன்னு சொல்லவே இல்ல. சோத்துக்கைன்னுதான் சொன்னேன். அவருக்கு இடது கைதான் சோத்துக்கை. நான் சொன்னத அவரு அப்படியே செஞ்சிருக்காரு."

டாக்டரம்மா நாற்காலியைப் பிரதர் பக்கம் திருப்பினார். கோபப்படப் போகிறார் என்று மாஸ்டர் நினைத்தார். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் டாக்டர்."

அன்று மத்தியானம் முழுவதும் பிரதர் டாக்டரம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து சோதனையில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நீங்கள் எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ஒருவர், விருந்துக்குக் கூப்பிடுகிறீர்களா என்றார். ஒருவர் ஸ்பூனால்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஸ்பூனை எந்தக் கையில் பிடிப்பீர்கள் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். ஒரு அம்மாள், முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நல்ல வேளையாக மற்ற எல்லோருக்கும் வலது கைதான் சோத்துக்கையாக இருந்தது. சோதனையை மேற்பார்வை பார்க்கிறவர்கள் கூடிப் பேசினார்கள். தப்பு சொல்லிக் கொடுத்தவர் பக்கம், நோயாளி சொன்னபடி நடந்திருக்கிறார் என்று எழுதி, மாஸ்டரின் கணக்கைத் திருத்திச் சேர்த்துக்கொண்டார்கள். குமிழி மருந்து இரண்டு கைக்கும் கிடைத்தது.

பிரதரைச் சோதனை வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. சம்பளத்தில் குறை வைக்கவில்லை, பேரில் வைத்தார்கள். மாஸ்டர் போய்ப் பார்த்தார். எதற்காக உண்மையைச் சொன்னீர்கள், நான்தான் சரி என்று போய்விட்டேனே என்று கேட்டார். பிரதர் ஊசியைத் தட்டிலே வைத்துவிட்டு, நீங்கள் சரி என்று சொன்னதால்தான் என்றார். பிறகு, "இங்க ஒரு வசதி இருக்கு சார். எந்தப் பக்கம் போட்டாலும் யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க" என்று சிரித்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை அந்த மனிதரை நினைத்தால் அவருக்கு நெஞ்சு கனத்துத்தான் போகிறது.

விடுதிக் கோட்டுகளை வேறொருவர் வெட்டி முடித்துவிட்டார். அது போனது போனதுதான். இரண்டு கையும் தேற மாதங்கள் பிடித்தன. இது அடியோடு ஒழிகிற நோய் இல்லை, அடங்கியிருக்கும், திரும்பவும் தலை தூக்கலாம், பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் பூசிக்கொண்டே இருக்கிறார். துணியில் கறை படிகிறதா என்று மனைவி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மச்சான் வந்து பார்த்துவிட்டு, நான் அன்றைக்குச் சொன்ன அதே வேர்தானே இது என்று மார்தட்டிவிட்டுப் போனான். யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் உட்கார்ந்து இன்னொரு வேர் சொல்வான்.

ஒருநாள் காலையில் கடைக்கு ஒருவர் வந்தார். முன்பின் தெரியாத ஆள். சட்டை தைக்க வேண்டும் என்றார். முதலாளி நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், அளவு எடுங்க" என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் உள்ளறையிலிருந்து வந்தார். புழுக்கமாக இருந்ததால் சட்டைக் கையை இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார். டேப்பை எடுத்தார். தோள் எடுத்தார், மார்பு எடுத்தார், கழுத்தைச் சுற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார். அந்த ஆள் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிளம்பர் இன்றைக்கு வருகிறேன் என்றவன் இன்னும் வரவில்லையாம், நாளைக்கு வந்தால் தலையில் தண்ணீரைக் கொட்டுவாராம். மாஸ்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பட்டிக்கு அளவெடுத்தார். ஆள் கையைக் கொடுத்தபடியே பிளம்பரைத் திட்டிக்கொண்டிருந்தார். அளவு முடிந்ததும் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாஸ்டர் செருப்பைக் கழற்றும்போதே மனைவியைக் கூப்பிட்டார். என்ன ஆனதோ என்று பதறிக்கொண்டு வந்தாள் அவள்.

"இன்னைக்கு ஒருத்தருக்கு அளவு எடுத்தேன்" என்றார். "என் கைய அவரு பாக்கவே இல்ல."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.